பின்னால் வருகிறாளா என்று

டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வது. பல்கலைக்கழகம் போவதற்கு முன் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் படிக்கிற பெரிய பள்ளிக்கூடம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். "இப்ப ஒவ்வொரு நாளும் எல்லா வகுப்புக்கும் போய்வாறன், ஒரு வாத்தியாரும் அடிக்கிறதில்லை" என்று மனைவிக்கு எழுதினேன். அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் முடிந்து எட்டாவது மாதம் நான் வெளிக்கிட்டுவிட்டேன்.

நான் பயந்த ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதெல்லாம் அதனால் வந்ததுதான். வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பத்து அடி நடந்தால் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்க் கைபிடியை அழுத்திப் பார்ப்பேன். படி இறங்கினால் லைற்றை நிப்பாட்டினேனா என்று வரும். மறுபடி ஏறுவேன். ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்றும் இப்படித்தான். கேற்றடிக்குப் போய்விட்டுப் பாஸ்போட் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி உள்ளே வந்தேன். அது சட்டைப் பையில்தான் இருந்தது. வெளிக்கிட்டவன் திரும்பி வந்தால் அப்படியே போகக்கூடாது என்று மனைவி என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் குடிக்கவைத்து, புதிதாக வெளிக்கிடவைத்தாள். "இனித் திரும்பினா நான் கதவைச் சாத்திப்போடுவன்" என்று சிரித்தாள்.

என்னோடு சேர்ந்து துப்புரவு செய்தவள் ஒரு டெனிஷ்காரி. ஐம்பது வயதிருக்கும். அவளும் ஏழாம் வகுப்போடு நின்று ஒரு பண்ணைக்கு மாடு பார்க்கப் போனவள். பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகிற புத்தகங்களைக் கோப்பி குடிக்கும்போது வாசிப்பாள், வாசித்து முடித்ததும் மேசையில் பழையபடி வைத்துவிடுவாள். அப்படியே பதினைந்து வருடத்தில் பாதிப் பள்ளிக்கூடத்தைப் படித்துவிட்டாள். அவள் டெனிஷில் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

"நீ இப்பிடித் தொட்டுத் தொட்டுப் பார்த்தா அந்தக் கதவு உன்னைக் கலியாணம் கட்டக் கேக்கப்போகுது" என்பாள்.

"எனக்கு ஆள் இருக்கு" என்பேன்.

"எப்ப வாறா?"

"வருவா."

இது தினமும் நடக்கிற பேச்சு. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்கு மனைவியைக் கூப்பிடுகிற உரிமை சட்டத்திலேயே இருந்தது. நான் படிவம் நிரப்பி, கலியாணப் பதிவை மொழிபெயர்த்து, எல்லாவற்றையும் வெளிநாட்டவர் விண்ணப்பங்களைப் பார்க்கிற பொலிஸில் கொடுத்திருந்தேன். எனக்கு முன்னே கொடுத்தவர்களுக்கு ஆறு, ஏழு மாதத்தில் குடும்பம் வந்து சேர்ந்தது. எனக்கு வரவில்லை. போய்க் கேட்டால் "பார்வையில் இருக்கிறது" என்றார்கள். ஒரு வருடம் கழித்தும் அதையே சொன்னார்கள். எங்கள் ஆட்களுடைய கோப்புகளை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள் என்று பிற்பாடு நாடு முழுக்கக் கதைத்தது. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. நான் ஏதோ ஒரு படிவத்தில் பிழையாக எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறந்த திகதியை மாற்றி எழுதிவிட்டேனா, கையெழுத்தை மறந்துவிட்டேனா என்று படுத்தபடியே ஒவ்வொரு பக்கமாக நினைத்துப் பார்ப்பேன்.

மேல்மாடியில் கடைசி வகுப்பறையில் சுவரோடு ஒரு வெள்ளைச் சாந்துப் பலகை இருந்தது. ஒரு ஆள் உயரம். அதில் புடைத்து நிற்கிற மூன்று உருவங்கள். வலது பக்கம் ஒரு ஆண், கையில் ஒரு வாத்தியம். நடுவில் ஒரு பெண், தலையில் முக்காடு, அவளுடைய கை அவன் தோளில். இடது பக்கம் இன்னொரு ஆண், பெண்ணின் மற்றக் கையை மெல்லப் பிடித்தபடி நிற்கிறான். முக்காட்டு மடிப்புகளுக்குள் தூசு அடையும். அதைத் தட்டுவது என் வேலை.

பார்த்தவுடனேயே அது கலியாணப் படம் என்று முடிவுசெய்துவிட்டேன். மாப்பிள்ளை, பொம்பிளை, கையைப் பிடித்துக் கொடுக்கிற தமையன். மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி நின்ற விதம் அப்படித்தான் இருந்தது. மனைவிக்கு எழுதினேன்: இங்கே ஒரு கலியாணப் பொம்மை இருக்கிறது, பொம்பிளையின் கழுத்துச் சாய்வு உம்முடையதுபோல, வந்ததும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறேன். "அந்தப் பொம்பிளையின்ர முகத்தைத் துடைக்கிறதெண்டா கவனமாத் துடையுங்கோ" என்று பதில் வந்தது.

ஒருநாள் டெனிஷ்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது கலியாணம் இல்லை. கலியாணத்துக்குப் பிறகு நடந்தது. அவள் செத்துப்போனாள்."

"ஆர்? நடுவில நிக்கிறவளோ?"

"ஓம். கலியாணமாகிக் கொஞ்ச நாளில பாம்பு கடிச்சு. இவன் பாட்டுக்காரன். செத்தவையின்ர உலகத்துக்கே இறங்கிப் போய்ப் பாடினான். கிரேக்கக் கதை. அங்கத்தை ராசாவும் ராணியும் அழுதிட்டினம். சரி, கூட்டிக்கொண்டு போ, அவள் உனக்குப் பின்னால வருவாள், ஆனா வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும் மட்டும் திரும்பிப் பார்க்கக்கூடாது எண்டு சொல்லி விட்டினம்."

"பார்த்தானோ?"

"இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. பின்னால காலடிச் சத்தம் கேக்கேல்லை. வாறாளோ எண்டு சந்தேகம் வந்திட்டுது." பலகையைக் காட்டினாள். "அதுதான் இது. இவன் திரும்பிப் பார்த்திட்டான். தமையன் எண்டு நீ சொல்லுறவன் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டுபோக வந்தவன்."

அப்பா செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. கொள்ளி வைத்தவன் நான். அதோடுதான் என் பள்ளிக்கூடமும் முடிந்தது. சிதைக்கு நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். எனக்கோ நெருப்புச் சரியாகப் பிடித்ததா என்று சந்தேகம். மாமா என் பிடரியில் கையை வைத்துத் தலையை முன்னுக்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுடலை மடத்தடி வரைக்கும் நடத்தி வந்தார். திரும்பிப் பார்த்தால் செத்தவர் எங்களை விட்டுப் போக மனமில்லாமல் பின்னால் வந்துவிடுவார் என்றார்.

இதை எனக்குத் தெரிந்த டெனிஷில் அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப உங்கட ஊரில திரும்பிப் பார்த்தா வருவினம். இவங்கட ஊரில திரும்பிப் பார்த்தா போயிடுவினம்."

"ஓம்."

"இவன் உங்கட ஊருக்கு வந்திருக்கலாம்" என்றாள்.

அது கலியாணப் படம் இல்லை என்று நான் மனைவிக்கு எழுதவில்லை. எதற்கு அவளைப் பயப்படுத்துவது என்று நினைத்தேன்.

இரண்டாவது வருடம் மனைவி கொழும்புக்கு வந்தாள். விசா கிடைத்தால் உடனே ஏறலாம் என்று வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு மன்னார்க்காரரின் வீட்டிலிருந்து அந்த லொட்ஜுக்குப் போன் எடுப்பேன். அவருக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை. வேதக்காரர், கிறிஸ்தவர். எனக்கு மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி பிள்ளைகள் எங்கள் கோப்புகள் நின்றுபோவதற்கு முன்னமே வந்துவிட்டார்கள். சுவர்ப் பலகைக் கதையைச் சொன்னபோது அண்ணை, "எங்கட வேதத்திலையும் ஒரு மனுசி திரும்பிப் பார்த்து உப்புத் தூணாய்ப் போனவள். உன்னைப் பார்த்தா உப்பு மூட்டையே வரும்போல கிடக்கு" என்றார்.

கொழும்பில் எந்த நேரமும் ஆமி, பொலிஸ் சுற்றிவளைப்பு. தமிழ்ப் பெயரோடு லொட்ஜில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போவதும் விடுவதுமாக இருந்தது. ஊரில் அப்போது சண்டை ஓய்ந்திருந்தது. யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது. இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன்.

அந்த மாசியில் டெனிஷ்காரி ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். நிறுத்திவைத்த கோப்புகளை மறுபடி எடுக்கிறார்கள் என்று போட்டிருந்ததாம்.

"இப்ப உங்கட ஆக்கள் வரத் தொடங்கியிருக்கினம். பொறு. அவ வந்துகொண்டுதான் இருக்கிறா" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். எனக்கு அந்தப் பத்திரிகையை வாசிக்கத் தெரியாது. அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் பொறுத்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு அயலூரான ஹேர்னிங்கில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடி ஒருவர் சொன்னார்: "இனி ஒருத்தரையும் விடமாட்டாங்கள். கொழும்பில நிக்கிறவை சும்மா நிக்கினம். பிடிச்சுக்கொண்டு போனா ஆர் பொறுப்பு?" அவர் யார், என்ன தெரிந்து சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தமிழில் சொன்னார், அதனால் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு அண்ணை வீட்டிலிருந்து போன் எடுத்தேன்.

"இஞ்சேரும், நீர் ஊருக்குப் போம்" என்றேன்.

"ஏன்? ஏதும் கடிதம் வந்ததோ?"

"ஒண்டும் வரேல்லை. அதுதான் சொல்லுறன்."

"வரேல்லை எண்டா இனித்தானே வரும். நான் இருக்கிறன். எனக்கு இஞ்சை பழகிட்டுது. பக்கத்து அறை அக்காவோட தாயம் விளையாடுறன். நேற்று அவவை வெண்டனான்."

"உமக்கு விளையாட்டு. சுற்றிவளைப்பில பிடிச்சா?"

"முந்தநாளும் வந்தவங்கள். ஐடென்ரிக் காட்டைக் காட்டினன். போயிட்டாங்கள். இஞ்சேருங்கோ, எனக்குப் பயமில்லை."

"எனக்கு நித்திரை இல்லை."

கம்பியில் இரைச்சல் கூடியது.

"உங்களுக்குப் பயம் வந்தா நான் பஸ் ஏறவேணுமோ?"

"ஓம்" என்றேன்.

"வந்திடும் போல என்ர மனம் சொல்லுது. இன்னும் ஒரு மாதம் பாப்பம்."

"இஞ்சை எல்லாரும் சொல்லுகினம், வராதாம். சொன்னதைக் கேளும்."

"சரி" என்றாள். "போறன் எண்டு சொல்லக்கூடாது. போட்டு வாறன்."

அவள் போய்ப் பத்தொன்பதாவது நாள் அனுமதிக் கடிதம் வந்தது. மண்ணிற உறை. அண்ணைதான் வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தம்பி" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டதற்காக வருந்தியிருப்பார்.

அப்போதும் எல்லாம் கைவிட்டுப் போகவில்லை. உடனே தந்தி அடித்தேன். விசா வந்துவிட்டது, வெளிக்கிடவும். அதோடு நிறுத்தியிருக்கலாம். தபால் கந்தோர்ப் பெட்டைப்பிள்ளை தாளை வாங்கக் கையை நீட்டியபோது எனக்கு மனம் பதறியது. போனமுறை நாள் பார்க்காமல் அவசரப்படுத்தினேன், அதனால்தான் இப்படி ஆனது என்று தோன்றியது. தாளைத் திருப்பி வாங்கி "நல்ல நாள் பார்த்து" என்று சேர்த்தேன்.

அவள் பார்த்தாள். அடுத்த புதன்கிழமை நல்லதாக இருந்தது. திங்கட்கிழமை சண்டை தொடங்கியது. பாதை மூடிக்கொண்டது.

பிறகு இரண்டரை வருடம்.

அந்த இரண்டரை வருடத்தில் நான் செய்தது, அனுமதி காலாவதியாகும் முன்பு போய் அதைப் புதுப்பிக்கக் கேட்பது. பொலிஸில் ஒரு நீட்டு வாங்கு, மரப் பெஞ்சு. அதில் இருந்து இருந்து எனக்கு இடுப்பு வலி வந்தது. டெனிஷ்காரியிடம் சொன்னபோது அவள் அந்தக் கீழுலகத்துக் கதைகளில் இன்னொன்றைச் சொன்னாள். இரண்டு சிநேகிதர்கள் அங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவரப் போனார்களாம். ராசா கோபிக்கவில்லை. முதலில் இருங்கோ என்று கதிரையைக் காட்டினான். இருந்தார்கள். பிறகு எழும்ப முடியவில்லை, கதிரை பிடித்துக்கொண்டது. எதற்கு வந்தோம் என்பதும் மறந்துபோனது.

"பிறகு?"

"கனகாலத்துக்குப் பிறகு ஒரு பலசாலி போய் ஒருவனை இழுத்து எடுத்தான். தோல் கொஞ்சம் கதிரையிலேயே நிண்டிட்டுது."

"மற்றவன்?"

"மற்றவன் இன்னும் இருக்கிறான்."

அதற்குப் பிறகு அந்த வாங்கில் இருக்கும்போதெல்லாம் இடைக்கிடை எழும்பி நிற்பேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அலுவலர், "இன்னும் உங்கள் முறை வரவில்லை" என்பார். தெரியும் என்று சொல்லிவிட்டு இருப்பேன்.

மனைவியின் கடிதங்கள் யார் யாரோ கையில் மாறி மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து வரும். ஒன்றில்கூட அவள் என்னைக் குறைசொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஒருமுறை மட்டும் எழுதினாள்: "தாயம் விளையாடின அக்கா நோர்வேக்குப் போயிட்டாவாம். கெட்டிக்காரி." வேறு ஒன்றும் எழுதவில்லை.

இந்த நேரம் டென்மார்க்கில் எங்கள் விசயம் பெரிதாகிக்கொண்டு போனது. யார் கோப்புகளை நிறுத்தச் சொன்னது, யாருக்குத் தெரிந்திருந்தது என்று விசாரணை. ரீவியில் தமிழர், தமிழர் என்று சொல்வது கேட்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாளியோடு போகிற என்னைப் பார்த்துத் தங்களுக்குள் கதைப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஒரு பெட்டை வந்து "உனக்கு நியாயம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றி என்றேன்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்து இரண்டு நாளில் மனைவியின் தம்பியின் கடிதம் வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியே வர அப்போது ஒரே வழி கிளாலிக் கடல்நீரேரி. சிறு படகுகளில், விளக்கு இல்லாமல், இருட்டில்தான் கடப்பார்கள். அவள் இனிப் பொறுக்கமாட்டேன் என்று வெளிக்கிட்டிருக்கிறாள். தம்பிதான் கரைவரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவளுக்குப் பின்னால் வெளிக்கிட்ட படகு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் ஏறின படகு சேரவில்லை. கடற்படையின் துப்பாக்கிச் சூடா, காற்றா, படகுதான் பழுதா, ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் இரண்டு கரையிலும் தேடியிருக்கிறார்கள். ஆறுபேரின் உடல் கிடைத்தது. அதில் அவள் இல்லை.

கடைசியில் எழுதியிருந்தான்: "அக்கா படகில ஏறி இருந்தாப்பிறகு ஒருக்காலும் திரும்பிப் பார்க்கேல்லை. அத்தானுக்குத்தான் திரும்பிப் பார்க்கிற வியாதி, எனக்கில்லை எண்டு சொல்லிச் சிரிச்சவா. எனக்கு ஒருக்கால் கூப்பிட வேணும் போல இருந்தது. போற ஆளைப் பின்னால கூப்பிடக்கூடாது எண்டு நான் கூப்பிடேல்லை."

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமுடியாது. அவள் முறை தவறவில்லை. தம்பியும் தவறவில்லை. கரையில் நின்ற ஒவ்வொருவரும் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், சூடான அறையில் இருந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் திரும்பிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அண்ணை முதலில், உடல் கிடைக்கவில்லை என்றால் எங்காவது இருப்பா என்றார். கதவையே மூன்று தரம் பார்க்கிறவனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? நான் பத்து நாள் தூங்கவில்லை. பத்தாம் நாள் அண்ணையே வந்து என் பக்கத்தில் இருந்து, "நான் சொன்னது பிழையடா. அவ இல்லை. செய்யவேண்டியதைச் செய்வம்" என்றார். கேள்விப்பட்ட நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் சடங்கு என்று எண்ணினோம்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன் டென்மார்க் அரசாங்கம் விழுந்தது. எங்கள் வழக்கினால்தான் விழுந்தது. வேலைக்குப் போனபோது ஆசிரியர்களின் அறையில் எல்லாரும் ரீவியைச் சுற்றி நின்றார்கள். ஒரு ஆசிரியர் என்னைக் கண்டதும் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அப்போதும் நன்றி என்றேன்.

டெனிஷ்காரிக்குத் தெரியும். அவள் என்னை அந்தக் கடைசி வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அதில் இருக்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, கதிரையைத் தள்ளிவைத்துவிட்டுத் தானும் நின்றாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அதுக்குப் பிறகு அந்தப் பாட்டுக்காரன் என்ன செய்தான்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை.

"திரும்பிச் செத்தவையின்ர உலகத்து ஆத்தங்கரைக்குப் போனான். ஓடக்காரன் இரண்டாம் தரம் ஏத்தமாட்டன் எண்டிட்டான். ஏழு நாள் கரையில இருந்தான்."

"ஏழு நாள்தானோ?"

அவள் தூசுதட்டியை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பெண்ணின் முகத்தைத் தானே துடைத்தாள். மெதுவாகத் துடைத்தாள்.

முப்பத்தோராம் நாள் விபோர்க் ஏரிக்கரைக்குப் போனோம். ஏரியின் ஓரமெல்லாம் ஐஸ், கரையில் பனி. அந்தக் காலத்தில் எங்களுக்கு இங்கே ஐயர் கிடையாது. ஹேர்னிங்கிலிருந்து ஒருவர் வந்தார். தேவாரம் தெரிந்தவர், ஊரில் சவவீடுகளில் முன்னின்றவர். உடல் இல்லையென்றால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கவேண்டும் என்றார். தர்ப்பைக்கு எங்கே போவது? வளர்ப்புப் பிராணிக் கடையில் முயலுக்குப் போடுகிற காய்ந்த புல் வாங்கினோம். மண்குடத்துக்குப் பூச்செடிச் சாடி. அதில் அடியில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. கொள்ளிக்குடத்தில் நடக்க நடக்கத்தான் ஓட்டை போடவேண்டும் என்று அவர் சொல்ல, அண்ணை மெழுகுதிரியை உருக்கி அதை அடைத்தார். சிலுவைக்கு முன்னால் கொளுத்துகிற மெழுகுதிரி அது. திறந்த வெளியில் நெருப்பு வைத்தால் பொலிஸ் வரும் என்று எனக்குப் பயம். அதனால் கோடையில் இறைச்சி சுட விற்கிற ஈயத்தட்டு ஒன்றைக் கடையில் தேடி எடுத்து வந்து, புல் உருவத்தை அதில் கிடத்தினோம். என் முழங்கை நீளம்கூட இல்லை.

நான் சாடியைத் தோளில் வைத்துச் சுற்றினேன். ஹேர்னிங்காரர் கத்தியால் மூன்று தரம் கொத்தினார். தண்ணீர் என் முதுகில் வழிந்து குளிர்ந்தது. சாடியைப் பின்னால் போட்டேன். பனி மெத்தையில் விழுந்தது, உடையவில்லை. அவர் காலால் மிதித்து உடைத்தார்.

நாயோடு நடந்துவந்த ஒரு டெனிஷ் கிழவர் தட்டையும் எங்களையும் பார்த்துவிட்டு, "இந்தக் குளிரிலும் சுடுகிறீர்களா? நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டு போனார். அண்ணை அவருக்கு மரியாதையாகத் தலையாட்டினார்.

தட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்கையால் நெருப்பை வைத்தேன்.

"இனித் திரும்பிப் பார்க்காமல் நடவும்" என்றார் ஹேர்னிங்காரர். தான் நின்று தட்டை அணைத்துச் சாம்பலை ஏரியில் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

அண்ணை என்னோடு நடந்தார். பிடரியில் கைவைத்துப் பிடிக்க மாமா இல்லை. கார் நிறுத்திய இடம் இருநூறு அடி இருக்கும். பனியில் எங்கள் காலடிச் சத்தம் கேட்டது, இரண்டு பேருடைய சத்தம்தான். நான் எண்ணிக்கொண்டு நடந்தேன். காருக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. நின்றேன். இந்த முறை சந்தேகத்தினால் இல்லை. எங்கள் ஊர் முறை எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் அவர்கள் போக மனமில்லாமல் பின்னால் வருவார்கள்.

நன்றாகத் திரும்பி நின்று பார்த்தேன்.

தட்டிலிருந்து மெல்லிய புகை. ஹேர்னிங்காரர் குனிந்து நிற்கிறார். தூரத்தில் அந்தக் கிழவரின் நாய். ஏரியிலிருந்து நாங்கள் நிற்கிற இடம் வரை பனியில் இரண்டு வரிசைக் காலடி.

"ஏன்ரா திரும்பினனீ?" அண்ணை முன்னுக்கே பார்த்தபடி கேட்டார். ஏச்சுத்தான், ஆனால் குரல் உடைந்திருந்தது.

"நெருப்புப் பிடிச்சிட்டுதோ எண்டு பார்த்தனான்."

அவர் நம்பவில்லை. கொஞ்சநேரம் காரின் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, உப்புத் தூண் கதை தெரிந்த அந்த மனிதரும் திரும்பி ஏரிப் பக்கம் பார்த்தார். எனக்காகப் பார்த்தார். என்னைவிடக் கூடநேரம் பார்த்தார்.

"ஒருத்தரும் வரேல்லையடா" என்றார்.